நடையும் வழுக்கலும்

கால் வழுக்குவதற்குத் தரையையும் செருப்பையும் குறை சொல்கிறோம். அடி வைக்கும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஒவ்வொரு அடியும் தரையிடம் ஓரளவு உராய்வைக் கேட்கிறது. தரையால் அதைத் தர முடியாதபோது பாதம் சறுக்குகிறது.

காலை முன்னே நீட்டி வைக்கும்போது முதலில் குதிகால் தரையைத் தொடுகிறது. எடை கீழ்நோக்கி அழுத்த, கால் தரையை முன்னோக்கியும் தள்ளுகிறது. தள்ளும் விசையை அழுத்தும் விசையால் வகுத்தால் அந்த அடிக்கு வேண்டிய உராய்வு கிடைக்கும். சமதரையில் இயல்பாக நடப்பவருக்கு இது சுமார் 0.2, விசை செங்குத்திலிருந்து ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருக்கிறது என்று பொருள். எட்டி வைத்தாலோ விரைந்து நடந்தாலோ சாய்வு கூடும். உலர்ந்த சிமெண்டுத் தரையின் உராய்வுக் குணகம் பொதுவாக 0.5க்கு மேல் இருப்பதால் அங்கே கவலையில்லை. சோப்புத் தண்ணீர் சிந்திய வழவழப்பான டைல்ஸில் அது 0.2க்கும் கீழே போய்விடக்கூடும்.

ஈரத்தில் குதிகால் இறங்கும்போது அதனடியில் மெல்லிய நீர்ப்படலம் சிக்கிக்கொள்கிறது. அது பிதுங்கி வெளியேறுவதற்குள் எடை ஏறிவிட்டால் பாதம் தரையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதக்கிறது. செருப்பின் அடியிலுள்ள வரிகள் தண்ணீருக்கு வழிவிடுபவை. தேய்ந்த செருப்பில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. முன்கால் முன்னே ஓட, உடல் பின்னே தங்கி, மல்லாக்க விழுகிறோம். பின்காலின் விரல்பகுதி வழுக்குவது இவ்வளவு ஆபத்தில்லை. எடை அதற்குள் முன்காலுக்கு மாறியிருக்கும்.

ஈரம் முன்பே கண்ணில் பட்டால் எவரும் தானாகவே அடியைக் குறுக்கி, பாதத்தைத் தட்டையாக வைப்பார்கள். எதிர்பாராத ஈரமே வீழ்த்துகிறது. சேற்று வரப்பில் நாற்றுக்கட்டோடு நடப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலைச் சற்றே மடக்கி, பெருவிரலை மண்ணில் ஊன்றிக் குற்றடியாக நடப்பார்கள். அங்கே பிடிப்பைத் தருவது உராய்வைவிட, மண்ணில் பதியும் விரல்தான். பனி உறையும் கனடாவிலும் ஜெர்மனியிலும் சொல்லித்தரப்படும் ‘பென்குவின் நடை’யிலும் அடி குறுகியது; எடை முன்பாதத்துக்கு நேர்மேலே நிற்கும்.

முதியவர்களின் அடி இயல்பிலேயே குறுகியது. ஆனாலும் சறுக்கிய காலை இழுத்து நிறுத்தும் வேகம் அவர்களுக்குக் குறைந்திருக்கும். ‘பாத்துப் போங்க’ என்பதைவிட ‘பாதத்த முழுசா ஊனி வைங்க’ என்பது அவர்களுக்கு உதவும். திரும்பும்போது நேராக நடப்பதைவிட அதிக உராய்வு தேவைப்படுவதால், குளியலறையில் வாளியோடு சட்டென்று திரும்பாமல் இரண்டு மூன்று சிற்றடிகளாகத் திரும்புவது நல்லது.