தங்கவயலில் பதிவான பூஜ்யம்

பொட்டி தட்டுற பொழப்பில் எனக்கு வாய்த்தது, பழைய தரவுகளைப் பல வருஷத்துக்குப் பத்திரமாக வைத்திருக்கும் கிடங்கைக் கண்காணிக்கும் வேலை. அதற்கென்று ஒரு டாஷ்போர்டு. இன்றைக்கு எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு இடம் பாக்கி, எத்தனை ஃபைல் கெட்டுப்போயிருக்கு, எல்லாம் அதில் தெரியும். கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம்னுதானே தோணும்? அங்கேதான் மாட்டிக்குவோம். அந்தப் பூஜ்யத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, எதுவும் கெடவில்லை. இன்னொன்று, யாரும் திறந்தே பார்க்கவில்லை.

இதைப் புரிய வைக்க நம்ம கோலார் தங்கவயலில் ஒரு நல்ல கதை இருக்கு.

1960-களின் தொடக்கம். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள், சுரங்கத்துக்குள் வெவ்வேறு ஆழத்தில் கருவி வைத்து, வானத்திலிருந்து பாறையைத் துளைத்து வரும் மியூவான் துகள்களை எண்ணினார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்கப் போன நம்மாட்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டி இறங்கிய ஆழம் அது. கீழே போகப் போக எண்ணிக்கை குறைந்தது. 2.7 கி.மீ.க்கும் கீழே, சுமார் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை.

வீண் வேலையா? இல்லைங்க. கருவி எவ்வளவு காலம் ஒழுங்காக ஓடியது என்ற கணக்கும் பக்கத்திலேயே இருந்ததால், அந்தப் பூஜ்யமே ஒரு அளவீடு ஆயிடுச்சு. மியூவான் தொந்தரவு இவ்வளவு குறைந்த இடத்தில் நியூட்ரினோவைத் தேடலாம் என்று புரிந்தது. 1965-ல் இந்திய, ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகள் சேர்ந்து, சேம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள். அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். அதற்கு முன் உலகில் யாரும் பார்த்ததில்லை.

கோலாரில் விளக்கம் கிடைக்காத சில நிகழ்வுகளும் பதிவாயின. 1975-ல் அவற்றை வெளியிட்டார்கள். 'கோலார் நிகழ்வுகள்' என்றே பெயர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். ஆழத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அதே இடத்தில் இறங்கி இன்னொரு தடவை எண்ணிப் பார்க்க வழியில்லை. ஆனால் 2014-ல் சென்னை இயற்பியலாளர்கள் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும், அவை கரும்பொருள் துகள் சிதைந்ததன் அடையாளமாக இருக்குமோ என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். விடை இன்னும் முடிவாகவில்லை. ஆனால் சுமார் நாற்பது வருஷம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே, பதிவுகள் மிஞ்சியதால்தான்.

அதனால் என் டாஷ்போர்டில், கெட்டுப்போனவை எத்தனை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் வைத்திருக்கிறேன். சேர்த்து வைத்ததைக் கடைசியாகத் திரும்பப் படித்துச் சரிபார்த்த தேதி ஒன்று. மொத்தத்தில் எத்தனை சதவீதம் அப்படிப் பார்த்தாச்சு என்பது இன்னொன்று. இவை இரண்டும் இல்லாத பூஜ்யத்தை நான் நம்புவதில்லை.

உங்க வீட்டிலும் ஊர்ப் படங்கள், தாத்தா பாட்டி குரல் எல்லாம் போட்டு வைத்த ஹார்ட் டிஸ்க் ஒன்று அலமாரியில் தூங்கிக்கிட்டிருக்குமே, கடைசியாக அதை எப்போ திறந்து பார்த்தீங்க?