நடுவுல உட்கார்ந்து ஒட்டுக்கேட்ட கதை

பொட்டி தட்டுற மக்களுக்கு ப்ராக்ஸி புதுசு இல்லை. ஆணி அதிகமா இருக்கிற நாள்ல ஃபிட்லரைத் திறந்து வச்சு, பிரவுசர் என்ன கேக்குது, சர்வர் என்ன தருதுன்னு வரி வரியாப் பார்த்திருப்பீங்க. 2003-ல் எரிக் லாரன்ஸ் எழுதின கருவி அது.

ஆனா ப்ராக்ஸி அதைவிடப் பழசு. 1994-லேயே செர்ன் வெப் சர்வரில் இந்த வசதி இருந்தது. ஃபயர்வாலுக்கு உள்ளே இருக்கிறவங்க வெளியே இருக்கிற பக்கங்களைப் பார்க்கணும், ஒரே பக்கத்தைப் பத்து பேர் கேட்டா சேமிச்சு வச்சதையே கொடுக்கணும், அவ்ளோதான் நோக்கம். வேவு பார்க்கிறதுக்கு இல்லை. ஆனா நடுவுல உட்கார்ந்தவன் காதுல எல்லாம் விழுமே :-)

எச்டிடிபிஎஸ் பூட்டு போட்டிருந்தா? ப்ராக்ஸி தானே ஒரு சான்றிதழ் தயாரிச்சு, 'நான்தான் சர்வர்'னு சொல்லும். அந்தப் புளுகை நம்பச் சொல்லி நம்ம போன்ல நாமே ஏற்பாடு செஞ்சுக்கணும். ஆல்டோ கோர்ட்டேசி உருவாக்கிய எம்ஐடிஎம்ப்ராக்ஸி இப்படித்தான் வேலை செய்யும்.

2012 பிப்ரவரியில் அருண் தம்பி என்ற நிரலாளர் இதை பாத் என்கிற ஐஃபோன் ஆப்புக்கு நடுவுல வச்சார். யாரையும் கையும் களவுமா பிடிக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. மேக்குக்கு ஒரு பாத் செயலி எழுதலாம்னு யோசனை, அதுக்காக அந்த ஆப் சர்வரோட எப்படிப் பேசுதுன்னு பார்த்தார். பார்த்தா, அவரோட முழு முகவரிப் புத்தகமும், பெயர், மின்னஞ்சல், போன் நம்பரோட, ஒரு வார்த்தை கேட்காம சர்வருக்குப் போயிட்டிருந்தது!

எழுதி வெளியிட்டார். பத்திக்கிச்சு. நண்பர்களைக் கண்டுபிடிச்சுத் தரத்தான் அப்படின்னு முதல்ல விளக்கம் வந்தது. அப்புறம் பாத் தலைவர் டேவ் மோரின் மன்னிப்பு கேட்டு, சேர்த்த விவரங்களை அழிச்சதாச் சொன்னார். 'உங்க காண்டாக்ட்ஸைப் பார்க்கலாமா'ன்னு ஐஃபோன் கேக்குதே, அந்தப் பெட்டி அதே வருஷம் ஐஓஎஸ் 6-ல் வந்தது.

இன்னிக்கு இதே சோதனையைச் செஞ்சு பார்க்கிறது அவ்வளவு சுலபம் இல்லை. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், நாம ஏத்துற சான்றிதழை ஆப்கள் இயல்பா நம்பாது. பல ஆப்கள் தங்களுக்குத் தெரிஞ்ச சான்றிதழைத் தவிர வேறெதையும் ஏத்துக்கிறதே இல்லை. திருடனை வெளியே நிறுத்த இது நல்ல ஏற்பாடுதான், மறுக்கலை. நாம எழுதின ஆப்னா டிபக் பில்டுல நாலு வரி எக்ஸ்எம்எல் போட்டுத் திறந்துக்கலாம்.

அடுத்தவன் ஆப் நம்ம போன்ல இருந்து என்ன எடுத்துட்டுப் போகுதுன்னு பார்க்கணும்னா?