கள்ளக்குறிச்சியில் செய்தித்தாள் இதழியல்

கல்வராயன் மலையும் அதன் கிழக்கு அடிவாரச் சமவெளியும் சேர்ந்த கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதுவரை இவ்வூர்ச் செய்தி வேறோர் ஊரின் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தது: 1993 வரை தென்னார்க்காடு, அதன்பின் விழுப்புரம். பின்னாளில் இந்தியாவே திரும்பிப் பார்த்த இரண்டு சம்பவங்கள் இங்கு நடந்தன. செய்தியாளரின் கடமை என்ன, இடையூறு என்ன என்பதற்குத் தமிழ்நாட்டில் இவற்றைவிடத் தெளிவான பாடம் குறைவு.

தமிழ் நாளிதழின் தொடக்கம் சென்னையில். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் வார இதழாகத் தொடங்கிய சுதேசமித்திரன் 1899-ல் நாளிதழானது. பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ 1908-ல் புதுச்சேரிக்குத் தப்பிப் போனது. பிரெஞ்சு எல்லைக்குள் அச்சாகி இந்தப் பக்கம் வந்த பிரதிகளுக்கு ஆங்கிலேய அரசு தடை போட்டது. சிற்றூர்களில் நாளிதழ் படிப்பது பரவலான வழக்கமானதற்குப் பெரும் காரணம் சி. பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் நடை அது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பது இப்படித்தான் ஊர்ப்பழக்கமாயிற்று.

கல்வராயன் மலையின் கதை வேறு. மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் பிறகும் நாளிதழ்களில் மலையின் பெயர் அதிகம் அடிபட்டது ஒரே வகைச் செய்தியில்தான்: இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு, பேரல்கள் உடைப்பு, தப்பியோடியவருக்கு வலைவீச்சு. காவல்துறைக் குறிப்பு அப்படியே அச்சேறும். அழித்த ஊறல் மறுவாரம் எப்படி மீண்டும் முளைக்கிறது என்ற கேள்வி அந்த நாலு வரிக்குள் அடங்காது. தாலுகா நிருபரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் அவர் பகுதிநேரக்காரர். செய்திக்குக் கிடைக்கும் பணம் சொற்பம். விளம்பரக் கமிஷனில்தான் பிழைப்பு ஓடும். விளம்பரம் தருபவரும், செய்தியில் சிக்க வேண்டியவரும், தினமும் எதிரில் வருபவரும் சில வேளை ஒரே ஆள்.

2022 ஜூலை 13 அன்று சின்னசேலம் அருகே கனியாமூரில், தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் 2 மாணவி ஒருவர் இறந்துகிடந்தார். நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்குள் கூட்டம் புகுந்தது, பேருந்துகள் எரிந்தன. இடைப்பட்ட நாட்களில் வாட்ஸ்அப்பும் யூடியூபும் தீர்ப்பே எழுதி முடித்துவிட்டன. கலவரத்துக்கு மறுநாள் மறு உடற்கூறாய்வுக்கு உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், ஊடகங்கள் இணை விசாரணை நடத்துவதைக் கண்டித்தது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடலாகாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மாணவியின் பெயரோ ஒரு வாரத்தில் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் இருந்தது. அதில் அச்சிதழ்களுக்கும் பங்கு உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில், இந்த வழக்கு குறித்துச் செய்தி சேகரித்துத் திரும்பிய நக்கீரன் இதழின் செய்தியாளரும் புகைப்படக்காரரும் வழிமறித்துத் தாக்கப்பட்டனர். அரசு ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்ற 1994-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றதும் இதே இதழ்தான். நெடுஞ்சாலையில் கார் மறிக்கப்படும்போது கையில் அந்தத் தீர்ப்பு இருந்து என்ன பயன்?

கனியாமூரில் வதந்தி முந்தியது என்றால், கருணாபுரத்தில் மறுப்பு முந்தியது. 2024 ஜூன் 18 இரவிலிருந்து, நகரின் நடுவே காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அருகிலுள்ள அந்தக் குடியிருப்பிலிருந்து சாராயம் குடித்த ஆட்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள், சிலர் இறந்தார்கள். மறுநாள் மாவட்ட ஆட்சியர் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமல்ல என்றார். அந்தப் பேச்சை நம்பி மேலும் சிலர் குடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு பிறகு எழுந்தது. உண்மையில் சாராயப் பாக்கெட்டுகளில் இருந்தது மெத்தனால். அது மலை ஊறலில் வருவதல்ல, தொழிற்சாலை ரசாயனம். ஆட்சியர் மாற்றப்பட்டார், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

அந்த நாட்களில் நிருபரின் பெரும்பாடு எண்ணிக்கைதான். பாதிக்கப்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என நாலு மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்தார்கள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றப்பட்டவரை இருமுறை எண்ணிவிடக் கூடாது. அதிகாரி சொல்லும் வரை காத்திருந்தால் பதிப்பு போய்விடும். இரவு பக்கம் முடிக்கும்போது இருந்த எண் காலையில் கடைக்கு வரும்போது பழசாகிவிடும். மொத்தச் சாவு 65-ஐத் தாண்டியது. இப்படிப்பட்ட நேரத்தில் ஆட்சியரின் வாக்கை அப்படியே போடுவது நடுநிலை ஆகாது. ‘ஆட்சியர் மறுப்பு’ என்ற தலைப்புக்குக் கீழே ‘மருத்துவமனையில் இத்தனை பேர்’ என்பதும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும்.

2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் கள்ளச்சாராய வழக்கை சிபிஐக்கு மாற்றியது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து அதே நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியதும் 2024-ல்தான், கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகு.