எஞ்சினுக்கு மூக்கு வந்த கதை

பாம்பன் கடல்மேல் 1988-ஆம் வருஷம் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் இராமேசுவரம் தீவுக்கு மோட்டார் வண்டிகள் தங்கள் சொந்தச் சக்கரத்தில் போக முடிந்தது. பாலம் வந்த சில வருஷங்களுக்கெல்லாம், இராமநாதபுரத்திலிருந்த என் பெரியப்பா மகன் ஒரு பழைய புல்லட் வாங்கினான். வாங்கிய வாரமே அதன் காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டான்.

"அது இருந்தா வண்டி மூச்சுத் திணறுதுண்ணே! இப்பக் கேளுங்க சத்தத்தை" என்றான்.

கேட்டேன். சத்தம் பிரமாதமாகத்தான் இருந்தது.

அவனைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவன் சொன்னதில் பாதி உண்மை. எஞ்சின் பெட்ரோலில் ஓடுவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். நிறுத்துப் பார்த்தால் அது காற்றில்தான் ஓடுகிறது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். அந்தப் புல்லட்டின் சிலிண்டர் 346 கன சென்டிமீட்டர். நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது 1500 தடவை மூச்சு இழுக்கும். ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் நிறைகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிஷத்துக்கு 500 லிட்டருக்கு மேல் காற்று! சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு ஆறேழு லிட்டர் போதும். ஒரு கல்யாணப் பந்தி முழுவதும் விடுகிற மூச்சை இந்த ஒற்றை வண்டி விடுகிறது.

உள்ளே புகும் காற்றின் அளவுதான் எஞ்சினின் பலத்துக்கு எல்லை. லடாக்கில் கர்துங் லா கணவாய் 5300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் சுமார் பாதி. வண்டியின் பலமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே, காற்று வரும் வழியில் எதை வைத்தாலும் அது ஒரு தடைதான். பிறகு ஏன் வைத்தார்கள்?

முதலில் வைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1885-இல் ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் மரச் சட்டத்தில் எஞ்சினைப் பூட்டி ஓட்டிய முதல் பெட்ரோல் வண்டியில், காற்று புகும் வால்வைத் திறக்கத் தனிக் கருவி கூடக் கிடையாது. பிஸ்டன் இறங்கும் உறிஞ்சலில் அது தானே திறந்துகொள்ளும். 1893-இல் மைபாக், பெட்ரோலைப் பூந்துவாலையாகக் காற்றில் தெளிக்கும் கார்புரேட்டரைக் கண்டுபிடித்தார். அப்புறமும் வெகு காலம் இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிள்களில் பல, வடிகட்டி இல்லாமல், வாயைத் திறந்துகொண்டே ஓடின. மழையில் ஊறிய அந்தத் தேசத்துச் சாலைகளில் தூசி எங்கே பறந்தது?

இரண்டாவது உலக யுத்தம் அவர்களை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கொண்டுபோய்த் தள்ளியது. அங்கே எஞ்சின்கள் மணலை விழுங்கி மாண்டன. ஸ்பிட்பயர் விமானத்தின் மூக்குக்கு அடியில், தொங்கும் தாடை மாதிரி ஒரு பெரிய வடிகட்டியைப் பொருத்தினார்கள். எஞ்சின் பிழைத்தது, விமானத்தின் வேகம் குறைந்தது. சண்டையில் வேகம் என்றால் விமானியின் உயிர் அல்லவா? எகிப்தில் அபுகிர் என்ற இடத்துப் பட்டறைக்காரர்கள் அதைவிட அடக்கமான வடிகட்டி ஒன்றைச் செய்து கொஞ்சம் வேகத்தை மீட்டுத் தந்தார்கள். எதிர்த் தரப்பில், ஜெர்மானியரின் பி.எம்.டபிள்யூ. ஆர்-75 மோட்டார் சைக்கிளில் வடிகட்டியைப் பெட்ரோல் டாங்கியின் உச்சிக்கே ஏற்றிவிட்டார்கள். சக்கரம் கிளப்பும் புழுதி அவ்வளவு உயரத்தில் குறைவு. வெள்ளத்தில் போகிற யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொள்வதில்லையா, அப்படி.

யுத்தம் முடிந்தது. 1955-இல் என்பீல்டு கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து சென்னையில் புல்லட் தயாரிக்க ஆரம்பித்தது. திருவொற்றியூரிலிருந்து அந்த வண்டி நம் புழுதிக்கெல்லாம் வந்து சேர்ந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: வடிகட்டியின் தடையையும் கணக்கில் சேர்த்துத்தான் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துவாரத்தை அளந்திருப்பார்கள். வடிகட்டியை மட்டும் எடுத்துவிட்டால் காற்று கூடும், பெட்ரோல் கூடாது, எஞ்சின் சூடேறும். பலம் அதிகமானதாகத் தோன்றுவது பெரும்பாலும் காதின் மயக்கம். காற்றை உறிஞ்சும் இரைச்சலை அமுக்கி வைத்திருந்ததும் அந்த வடிகட்டிதானே!

என் தம்பி அந்தச் சத்தத்தோடு தனுஷ்கோடிக்குப் போனான். 1964 புயலில் அழிந்த ஊருக்குத் தார்ச் சாலை வந்தது 2017-இல். அவன் போன காலத்தில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணல்தான். கச்சான் காற்று வீசினால் கண்ணைத் திறக்க முடியாது. ஈர மணலில் ஓட்டுவான், புதைந்தால் தள்ளுவான், மறுபடி ஏறி முறுக்குவான். மூன்று மாதம் இந்த உற்சாகம் நடந்தது. பிறகு வண்டி நீலப் புகை விட ஆரம்பித்தது. மேடு ஏற மறுத்தது.

மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றி, உட்புறத்தில் விரலை விட்டுத் தடவினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மேலிருந்து கீழாகக் கோடுகள்.

"போர் போயிருச்சு தம்பி. ரிங்கும் போச்சு. மணலை அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கீக."

அவன் பேசவில்லை. அந்த வண்டியைத் தங்கையின் நகைச் சீட்டுப் பணத்தில் வாங்கியிருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட ஆகும் செலவை மெக்கானிக் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார்.

"பழைய வடிகட்டி இருக்கா? இருந்தா அந்தக் காசாவது மிஞ்சும்" என்றார்.

வீட்டுக்கு வந்து பரணில் தேடினோம். கட்டிலுக்கு அடியில் தேடினோம். கடைசியில் துளசி மாடத்தின் பின்னால் அதன் தகர உறை அகப்பட்டது. பெரியம்மா அதில் கோலமாவு போட்டு வைத்திருந்தாள்.