கொந்தகையின் இரண்டு முகங்கள்

2025-ஆம் ஆண்டின் நடுவில் இரண்டு ஆண்களின் முகங்கள் எல்லோருடைய ஃபோனுக்கும் வந்து சேர்ந்தன. கீழடியை ஒட்டிய கொந்தகை இடுகாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 2500 ஆண்டுப் பழைய மண்டையோடுகளின் முகங்கள் அவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மரபியல் பேராசிரியர் ஜி. குமரேசன் குழுவினர் ஆய்வுக்கு எடுத்த மண்டையோடுகளுக்கு, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபேஸ் லேப், கணினியில் தசையும் தோலும் ஏற்றியது. படம் வந்ததுமே பஞ்சாயத்தும் ஆரம்பித்துவிட்டது. நிறம் சரியா, மூக்கு யாருடையது, இவர்கள் ‘நம்ம ஆளுங்க’தானா?

இந்தச் சண்டைக்குள் போவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தில் எலும்பு சொன்னது எவ்வளவு, நாம் நிரப்பியது எவ்வளவு?

இந்தக் கலைக்கு நூற்றாண்டு கடந்த வயது. 1894-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், இசைமேதை பாஹ்-இன் எலும்புகள் என்று கருதப்பட்டவை வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறியலாளரிடம் வந்தன. அவர் பிணங்களின் முகத்தில் மெல்லிய ஊசியைக் குத்தி, எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் சதை இருக்கிறது என்று அளந்தார். அந்தச் சராசரிகளை வைத்து கார்ல் செஃப்னர் என்ற சிற்பி களிமண்ணில் முகம் செய்தார். இன்றைக்கும் அடிப்படை அதேதான். ஊசிக்குப் பதில் ஸ்கேன், களிமண்ணுக்குப் பதில் முப்பரிமாண மென்பொருள்.

வேலை நடக்கும் விதம் இது. சி.டி. ஸ்கேனில் மண்டையோடு கணினிக்குள் ஏறுகிறது. தசைகள் எலும்பில் ஒட்டியிருந்த தடங்களைப் பார்த்து ஒவ்வொரு தசையாக வைக்கிறார்கள். கண்குழி, கண் எங்கே உட்காரும் என்று சொல்கிறது. மூக்கெலும்பும் மூக்குத் துளையின் விளிம்பும் மூக்கின் அகலத்துக்கும் நீட்டத்துக்கும் தடயம் தருகின்றன. பற்களை வைத்து வாயின் அகலத்தைக் கணிக்கலாம். இதுவரைக்கும் நல்ல அறிவியல். காது மடலின் வடிவம், உதட்டின் தடிப்பு, கன்னத்துக் கொழுப்பு என்று வரும்போது தரை வழுக்க ஆரம்பிக்கிறது. முடிக்கும் தோல் நிறத்துக்கும் எலும்பிடம் பதிலே கிடையாது.

கொந்தகை மண்டையோடுகளில் கீழ்த்தாடையும் இல்லை. மேல்பகுதியின் அளவுகளைக் கொண்டே அதைக் கணிக்க வேண்டியிருந்தது. நிறத்துக்கு, இன்று தமிழ்நாட்டில் வாழ்பவர்களின் நிறத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஒளிவுமறைவில்லாமல் சொல்லப்பட்ட, இத்துறையில் வழக்கமான முறைதான் அது.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது பழக்கமான விஷயம். பயனர் எதையும் தராத இடத்தில் டிஃபால்ட் மதிப்பு போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் பார்க்கிறவருக்கு எது வந்த தகவல், எது டிஃபால்ட் என்று தெரியாது. முகத்திலும் அதேதான். நெற்றியின் சரிவும் தோலின் நிறமும் ஒரே தெளிவோடு வரையப்பட்டிருக்கின்றன.

டிஃபால்ட் தப்பாகவும் போகும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் 2012-இல் கிடைத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் மண்டையோட்டுக்கு, கரோலின் வில்கின்சன் 2013-இல் முகம் கொடுத்தார். இப்போது ஃபேஸ் லேபை நடத்துபவரும் அவரே. அந்த முகத்துக்குக் கரிய முடி, பழுப்புக் கண். 2014-இல் டி.என்.ஏ. முடிவு வந்தது: கண் நீலமாக இருக்க 96 சதவீத வாய்ப்பு, முடி குறைந்தபட்சம் சிறுவயதிலாவது பொன்னிறமாக இருக்க 77 சதவீத வாய்ப்பு. எலும்பு சொன்ன வடிவம் அப்படியே நின்றது. மாற்ற வேண்டியிருந்தது நிரப்பிய பகுதியைத்தான். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பழைய டி.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் இப்படிச் சரிபார்ப்பதும் இங்கே கடினம்.

தடயவியலில் இதே முகத்துக்கு வேறு வேலை. அடையாளம் தெரியாத ஒரு பிணத்தின் முகத்தைப் பார்த்து யாராவது ஒருவர் ‘இவரை எங்கியோ பாத்திருக்கனே’ என்று சொன்னால் போதும். அதற்கப்புறம் பல்லும் டி.என்.ஏ.வும் உறுதி செய்யும். முகம் ஒரு துப்பு மட்டும்தான், சாட்சி இல்லை. ஆட்டோ சங்கர் வழக்கில் கொல்லப்பட்டவர்களை அடையாளம் காண, மண்டையோட்டின் மேல் புகைப்படத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். அங்கே ஒப்பிட ஒரு புகைப்படம் இருந்தது. கொந்தகை மனிதருக்குப் புகைப்படமும் இல்லை, ‘இது எம்மவனில்லீங்க’ என்று மறுக்க ஓர் அம்மாவும் இல்லை. மறுக்க ஆளில்லாத முகத்தின் மேல் யார் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாம்.

எங்கள் கொங்குப் பக்கம் இதற்குத் தலைகீழான ஓர் இடம் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையைத் தாண்டி ஓடும் நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். 1985 முதல் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றோர் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணிப் பட்டறைகளும் வெளிவந்தன. பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள் கிடைத்தன: கண்ணன் ஆதன், சம்பன் சுமணன். சுமணன் என்பது பிராகிருத வழியில் வந்த பெயர். வடக்கிருந்து வந்தவரா, அல்லது பெயர் மட்டும் வந்து உள்ளூர்க்காரர் வைத்துக்கொண்டாரா என்று ஓடு சொல்லாது. கடல் வணிகம் வந்து போன பாதையில் இருந்த ஊரில் இரண்டும் சகஜம்தான்.

சுமணனுக்கு முகமில்லை என்பதால் அவருடைய நிறத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. அவர் எழுதத் தெரிந்த ஊரில் வாழ்ந்தார், கலப்புள்ள ஒரு பெயர் இருந்தது என்ற அளவில் நிற்கிறோம். கொந்தகை முகங்களிடமும் அதே அளவில் நிற்க முடிந்தால் நல்லது. எலும்பிலிருந்து வந்த பகுதியை வண்ணத்திலும் நிரப்பிய பகுதியைச் சாம்பல் நிறத்திலும் ஒரே படத்தில் காட்டுவது மென்பொருளுக்குப் பெரிய வேலை இல்லை. அப்படி ஒரு படம் வந்தால், நாம் இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டோமோ, அதில் பெரும்பகுதி சாம்பலாகத்தான் இருக்கும்.