வன்னியிற் குழைப் பசளை: ஒரு வரலாற்று நோக்கு

வன்னி வரலாறு என்றாலே குளங்களின் வரலாறு என்று கொள்ளுமளவிற்கு, நீர்ப்பாசனம் பற்றி நம்மவர் நிரம்ப எழுதியுள்ளனர். ஆனால் ஒவ்வோர் அறுவடையோடும் நிலம் இழந்த வளத்தை அதற்கு மீளக் கொடுத்தவர் யார், எதனாற் கொடுத்தனர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஏருக்கும் மேலாக எருவை வைத்துப் பேசிய வள்ளுவர் வாக்கை அறிந்த நமக்கு இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. தோட்டப் பாத்திகளிற் புதைக்கப்பட்ட குழையின் வழியாக வன்னியின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

பசுந்தாட் பசளை இருவகைப்படும். சணல், பயறு போன்ற அவரையினப் பயிர்களை அந்நிலத்திலேயே விதைத்து, பூக்கும் பருவத்தில் மண்ணுள் மடக்கிப் புதைப்பது ஒருவகை. பிற இடங்களில் வளரும் மரஞ்செடிகளின் தழையை வெட்டிக் கொணர்ந்து இடுவது மற்றொருவகை. காவிளாய், பூவரசு, ஆடாதோடை, வாதநாராயணி, பிற்காலத்திற் சீமைக் கிளுவை எனப்படும் கிளிசிரிடியா என்பன இதற்குப் பயன்பட்டன. மண்வெட்டியாற் சால் வெட்டி, தழையை அடுக்கி, மேலே மண் மூடும் இவ்வேலையைக் 'குழை தாழ்த்தல்' என்று வடபுலத்தார் வழங்குவர்.

குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்தில் விதைத்த பயிரைப் பனிக்காலம் முழுவதும் நிலத்தில் நிற்கவிட்டு, இளவேனில் நடுகைக்கு முன்னர் கொத்திப் புதைப்பர். வெறுநிலத்திலிருந்து மழைநீர் கழுவிச் செல்லக்கூடிய சத்துக்களை அப்பயிர் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். வன்னியிற் பனிக்காலம் இல்லை. பருவங்களைப் பிரிப்பது வடகீழ்ப் பருவமழையே. எனவே காலபோக நெல் அறுவடையாகும் தை, மாசி மாதங்களில் மண்ணில் எஞ்சிய ஈரமே பசுந்தாட் பயிருக்கு முதலாகின்றது. அவ்வீரத்தில் விதைக்கப்படும் சணல் இரு மாத அளவிற் பூக்கத் தொடங்கும். தண்டு முற்றி நாராகுமுன் அதைப் புதைத்துவிடல் வேண்டும். வெப்பமிகு மண்ணில் இளந்தழை இரண்டு மூன்று வாரங்களில் உக்கிவிடும். இவ்விரைவு நடுகைக்கு உதவுவதாயினும், சேர்ந்த உக்கல் விரைவிலே அழிந்துபோவதற்கும் அதுவே காரணமாகும். ஆதலின் இது பருவந்தோறும் செய்யவேண்டிய வேலையாயிற்று.

அவரையினத் தாவரங்களின் வேர்ச்சிறுகணுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் வளியிலுள்ள நைதரசனைப் பயிருக்கு ஈட்டிக் கொடுக்கின்றன என்பதை 1886 முதல் 1888 வரையான காலத்தில் ஜேர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் ஆகியோர் நிறுவினர். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நம் உழவர் இதன் பயனைக் கண்ணாரக் கண்டு கைக்கொண்டிருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வன்னி குடியடர்த்தி குறைந்த நிலம். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் அந்நிலையைக் காட்டும். காட்டை வெட்டி எரித்து, சாம்பலின் வளத்திற் சில போகம் விளைவித்து, பின்னர் நிலத்தைக் காட்டுக்கே விட்டு அகலும் சேனைப் பயிர்ச்செய்கை அங்கு நிலவிற்று. அம்முறையில் நிலத்திற்கு ஓய்வு கிடைத்தது. குழை தாழ்க்கும் தேவை எழவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலையோ வேறு. சிறு காணிகளில் புகையிலையையும் மரக்கறியையும் ஓயாது விளைவித்த அவ்வுழவர்க்கு வேலித் தழை போதவில்லை. பெருநிலப்பரப்பின் காட்டுக் குழை வண்டிகளிலும், பின்னர் லொறிகளிலும் வடக்கே சென்றது. அவ்வகையில் வன்னிக் காடு குடாநாட்டுத் தோட்டத்திற்கு உரமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் மனிதர் தெற்கே வந்தனர். இரணைமடுக் குளம் கட்டப்பட்டதும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேற்றங்களுக்கு வழிவகுத்தன. குடாநாட்டிலிருந்து வந்தோர் மண்வெட்டியோடு குழை தாழ்க்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தனர். விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களின் இளைஞர் குடியேற்றத் திட்டங்களில் மிளகாயும் வெங்காயமும் செழித்தன. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அவற்றிற்கு நல்ல விலையையும் தேடிக்கொடுத்தன.

ஆயின் அக்காலத்திலேயே யூரியாவும் வந்து சேர்ந்தது. 1962இல் தொடங்கிய அரசின் பசளை மானியம் அதை உழவர் கைக்கு எட்டச் செய்தது. உழவர் ஏன் அதை விரும்பினர் என்பதை ஓர் எளிய கணக்குத் தெளிவாக்கும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. பச்சைக் குழையின் நிறையில் நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவு. எனவே அம்மூடைக்கு ஈடாக 2,300 கிலோவிற்கும் மேற்பட்ட குழையை வெட்டி, சுமந்து, புதைத்தாக வேண்டும். குழையைக் கைவிட்டவரைச் சோம்பர் எனல் தகாது. எனினும் மண்ணை இளகச் செய்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் உக்கலை யூரியா தருவதில்லை. நைதரசன் மிகுந்து உக்கல் குறைந்த மண்ணே இதன் விளைவாகும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது வடக்கிற்குச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பசளையும் அடங்கிற்று. 2002 தொடக்கத்திலே இத்தடை தளர்த்தப்பட்டது. 1995இன் பெரும் இடப்பெயர்வால் வன்னியிற் பெருகிய மக்களுக்கு உணவளித்த தோட்டங்களுக்கு எருவும் குழையுமே கைகொடுக்க வேண்டியிருந்தன. அன்று அது சாத்தியமாயிற்றெனின், குழை தாழ்த்திப் பழகிய கைகளும், வேலி மரங்களும், மாட்டுப் பட்டிகளும் அப்போது எஞ்சியிருந்தமையே காரணமாகும்.

2008, 2009ஆம் ஆண்டுகளின் இறுதிப் போர் அவ்வடித்தளத்தையே அழித்தது. கால்நடைகள் மடிந்தன, வேலிகள் அழிந்தன, பற்றைக்காடுகளிற் கண்ணிவெடி கிடந்தது. குழை வெட்டக் காட்டுக்குள் நுழைவதே உயிர் ஆபத்தாயிற்று. மீளக் குடியமர்ந்தவருட் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்கள் பல. 2,300 கிலோ குழையின் சுமை அவர்களுக்கு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையிலேதான் 2021 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, உழவர் வீதிக்கு வந்தனர், ஆண்டு முடியுமுன் தடை கைவிடப்பட்டது. இதனைக் கொண்டு இயற்கைப் பசளை பயனற்றது என முடிவுசெய்தல் பிழையாகும். பசளை மூடையை ஓர் ஆணையால் நிறுத்தலாம். குழையை ஓர் ஆணையாற் பெறமுடியாது. விதைக்கச் சணல் விதை வேண்டும். வெட்டக் கிளிசிரிடியா வேலி நின்றிருக்க வேண்டும். புதைத்தபின் காத்திருக்க உழவனிடம் நாளும் கையிருப்பும் வேண்டும். இவை பல பருவங்களின் தேட்டங்கள்.

குழைப் பசளையைப் பழம்பெருமையாகப் போற்றுவதும், வறியவரின் மாற்றுவழி என ஒதுக்குவதும் ஒருங்கே தவறாகும். அது நிலம், ஈரம், காலம், உழைப்பு ஆகிய நான்கும் கூடினாற் பயன்தரும் ஒரு தொழில்நுட்பம். அந்நான்கும் வன்னியில் அரசியலாலும் போராலும் மாறிவந்துள்ளன. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகின்றது. 2021 முதல் வவுனியாவும் தனிப் பல்கலைக்கழகமாகியுள்ளது. தடைக்காலத்திற் குழை தாழ்த்திய முதியோர் இன்னும் நம்மிடையே உளர். எக்குழை எம்மண்ணில் எத்தனை நாளில் உக்கிற்று, எப்பயிர் அதன்பின் நன்கு வந்தது என்பன அவர்கள் நினைவிலேயே உள்ளன. அவற்றைக் கேட்டுப் பதிவதும், சோதனைப் பாத்தியில் இட்டு அளந்து பார்ப்பதும் நம் தலைமுறையின் கடனாகும். அடுத்த தட்டுப்பாடு வந்தபின் அப்பணியைத் தொடங்கினால், அந்தப் பருவத்திற்கு அது உதவாது.