படம் பார்த்தோர் தீர்ப்பு

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில், முதல்நாள் இரவு நகரஞ் சென்று படம் பார்த்து மீண்டவனை மறுநாட் காலையில் எதிர்ப்படுவோர் வினவும் வினா ஒன்றே. “படம் எப்படி?” என்பது அது. விடையும் இரண்டு மூன்று சொற்களில் அமைந்துவிடும். “பரவாயில்லை” என்பான், “பாட்டு நல்லம்” என்பான், “காசு நட்டம்” என்று கையை விரிப்பான். கேட்டவன் அன்று மாலை சைக்கிளை வெளியே எடுப்பதும் எடாதிருப்பதும் அச்சொற்களைப் பொறுத்தன. ஒரு படம் ஏழு நாளில் மூட்டை கட்டுவதையும் நூறு நாளைக் கடப்பதையும் முடிவு செய்தது பெரும்பாலும் இத்தகைய சந்திப் பேச்சேயாம். எனினும் நமது வரலாற்று நூல்களில் இப்பேச்சுக்கு இடமில்லை.

தமிழ்ச் சினிமாவின் வரலாறு எழுதப்படாததன்று. முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளிவந்தது என்றும், அதனை இயக்கியவர் எச். எம். ரெட்டி, நாயகியாக நடித்தவர் டி. பி. ராஜலக்ஷ்மி என்றும் மாணாக்கரும் அறிவர். படம் எடுத்தோர், நடித்தோர், பாடினோர் ஆகியோர் பெயரெல்லாம் ஏட்டில் ஏறியுள்ளன. பார்த்தோர் மட்டும் ஏறவில்லை. அரசரின் பெயர்களை நிரல்படுத்திக் குடிகளை மறந்த பழைய சரித்திர நூல்களை நாம் இன்று குறைகூறுகின்றோம். சினிமாச் சரித்திரம் எழுதினோரும் அவ்வழியிலேயே நடந்தனர் என்பது எமது எண்ணம்.

பார்ப்போர் தீர்ப்புக் கூறுதல் சினிமாவோடு பிறந்த வழக்கமன்று. சண்டிலிப்பாயிலுள்ள கல்வளைப் பிள்ளையார்மீது பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் ‘கல்வளையந்தாதி’ பாடினார். அக்காலத்தில் ஒரு நூல் நூலாக மதிக்கப்படுவதற்கு அது கற்றோர் அவையில் அரங்கேற வேண்டும். அவையோர் தடைநிகழ்த்தப் புலவர் விடையிறுக்க வேண்டும். அது கற்றோர் தீர்ப்பு. கல்லாதார் தீர்ப்புக்கோ வேறோர் அவை இருந்தது. கோயில் வீதியிலும் வயல் வெளியிலும் விடியுமட்டும் கூத்து நிகழும். அங்கே பாயை விரித்துக்கொண்டிருந்த முதியவர், அண்ணாவியார் ஓர் அடியைத் தவறவிட்டாரெனின் அக்கணமே அறிந்துகொள்வார். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அவர்களின் ‘அரிச்சந்திர மயான காண்டம்’ யாழ்ப்பாணமெங்கும் எண்ணிறந்த முறை மேடையேறியது. அதனைக் காணச் சென்றோர் கதை யாதென அறியச் சென்றாரல்லர். இன்றிரவு அந்த உருக்கம் வருமோ வராதோ என்று பார்க்கவே சென்றனர். அறிந்த கதையை அறிந்தவாறே நிறுத்துப் பார்க்கும் இக்கூட்டமே பின்னர்ப் படம் பார்க்கவும் சென்றது. ஆகவே நம்மூர்ச் சினிமாப் பார்வையாளர் வெறுங்கையோடு கொட்டகையுட் புகுந்தாரல்லர். கையில் ஓர் அளவுகோல் இருந்தது. தொடக்ககாலப் படங்களில் புராணக் கதைகளும் பாட்டுகளும் மலிந்திருந்தமை பலரும் எள்ளி நகையாடும் செய்தி. அந்த அளவுகோலுக்கு அவை பொருந்தின என்பதை எள்ளுவோர் நினைப்பதில்லை.

பார்வையாளரின் கருத்தை அரசாங்கமே அறிய முயன்ற முயற்சியொன்று உண்டு. 1927ஆம் ஆண்டில் இந்திய அரசு சினிமா பற்றி விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார். குழுவினர் நகர் நகராகச் சென்று 353 பேரைச் சாட்சிகளாக விசாரித்து 1928இல் அறிக்கை வெளியிட்டனர். அச்சாட்சியங்கள் பல தொகுதிகளாக அச்சேறியுள்ளன; சரித்திரம் பயில்வார்க்கு அவை பெருஞ்செல்வம். ஆயினும் சாட்சி கூறினோர் யாவர்? படத் தொழிலாளரும் வணிகரும் அதிகாரிகளும் ஆசிரியரும் பத்திரிகையாளருமே பெரும்பாலோர். கடைசி வகுப்பு நுழைவுச்சீட்டு வாங்கியவனுக்குப் படம் என்ன செய்கின்றது என்பதை முதல் வகுப்பில் இருந்தவர் எடுத்துரைத்தார். குழு அனுப்பிய வினாக்கொத்துக்குக் காந்தியடிகளும் மறுமொழி எழுதினார். தாம் சினிமாவுக்குச் சென்றதேயில்லை என்றும், எனினும் அதனால் விளையுந் தீமை வெளியிலிருப்பவனுக்கும் தெளிவு என்றும் அவர் கருதினார். படம் பாராத பெரியவரின் கருத்து ஆவணமாயிற்று. நாளும் பார்த்தவனை எவரும் கேட்கவில்லை.

தமிழ்ப் பத்திரிகைகளில் விமரிசனம் வேரூன்றியது 1930களில். ‘ஆனந்த விகட’னில் ரா. கிருஷ்ணமூர்த்தி (கல்கி) எழுதிய விமரிசனங்கள் அக்காலத்திற் பெரிதும் வாசிக்கப்பட்டன. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக வேடம் புனைந்த ‘பக்த நந்தனார்’ வந்தது. அம்மையாருக்கு ஒரு லட்சம் ரூபா ஊதியம் என்பது அந்நாளில் ஊரெங்கும் பேச்சு. அப்படத்தில் நன்கு நடித்தவை மரங்களும் எருமையும் ஆடுமே என்னும் கருத்துப்பட கல்கி எழுதினார். நகைச்சுவை மிக்க எழுத்து; ஐயமில்லை. ஆனால் அதனை வாசித்துச் சிரித்தவர்களிற் பலர் சுந்தராம்பாளின் குரலைக் கேட்பதற்காகவே மறுபடியும் கொட்டகைக்குச் சென்றிருப்பர் என்று யாம் ஊகிக்கின்றோம். விமரிசகர் நடிப்பைப் பார்த்தார். சாமானியர் பாட்டைக் கேட்டார். இருவரும் ஒரே படத்துக்குச் சென்றிருந்தனர் என்று சொல்வதுகூட அத்துணைச் சரியன்று.

இனி நமது நாட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தவரான சேர். சிற்றம்பலம் ஏ. கார்டினர் 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இலங்கையிற் படக்காட்சி ஒரு பெருந்தொழிலாயது அதன்பின்னரே. முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுனு பொறொந்துவ’ 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் கொழும்பிலே திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர் என்பதும், அது தென்னிந்தியாவிற் படமாக்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கவை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் வெவ்வேறு காலங்களில் வெலிங்டன், றீகல், வின்சர், ராணி, மனோகரா, ராஜா, லிடோ, சிறீதர் முதலிய தியேட்டர்கள் விளங்கின.

சண்டிலிப்பாயிலிருந்து பட்டினம் ஆறேழு மைல். மானிப்பாய், ஆனைக்கோட்டை வழியாகச் செல்லும் காரைநகர் வீதியே பாதை. பஸ்ஸிற் போவோர் போவர். இளைஞர் சைக்கிளில், ஒன்றுக்கு இருவராகச் செல்வர். இரண்டாங் காட்சி முடிந்து நள்ளிரவுக்குப் பின் திரும்பும்போது அவ்வீதி நெடுகப் படத்தின் விசாரணை நடக்கும். யாம் மாணாக்கராயிருந்தபோது அவ்விசாரணையிற் பன்முறை கலந்துகொண்டோம். மானிப்பாய் வருமுன் கதையின் குற்றங்கள் யாவும் வெளிப்பட்டுவிடும்; சண்டிலிப்பாய்ச் சந்தியை அடைகையிற் பாட்டுகள் மட்டும் எஞ்சியிருக்கும். தியேட்டர் வாயிலிற் சில சதங்களுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தவனுக்கு அன்று தனி மதிப்பு. வகுப்பில் ஓர் அந்தாதிச் செய்யுளை மனனஞ் செய்ய இயலாதவன் ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பான். ஆசிரியர்க்கு அது பெருங்கவலை. மொழியின் ஓசை ஒரு மாணாக்கனை எவ்வாறு பற்றுகின்றது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை என்பதை யாமே ஆசிரியரான பின்புதான் உணர்ந்தோம்.

தியேட்டருக்குள்ளே அமர்ந்திருந்தோர் யார் என்னும் வினா இங்கு முதன்மையானது. கரவெட்டி தந்த பேரறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்ச் சினிமா பற்றி 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையை வகுத்தது பிறப்பன்று, கொடுத்த காசே என்றும் அவர் கூறினார். யாழ்ப்பாணத்தின் நிலையை அறிந்தார்க்கு இக்கூற்றின் கனம் விளங்கும். கோயிலுக்குள் நுழைய முடியாதவன், தேநீர்க் கடையின் வாங்கில் அமர முடியாதவன், கலரிச் சீட்டு வாங்கியதும் எவர் பக்கத்திலும் அமரலாம். இருளிலே சீழ்க்கை அடித்தவன் எக்குலத்தவன் என்று அறிய வழியில்லை. கலரியின் ஆரவாரம் ஒருவகைத் தீர்ப்பு. அத்தீர்ப்பில் எல்லார்க்கும் ஒத்த வாக்கு இருந்தது.

ஆனால் அவ்வாக்கு தியேட்டர் வாயிலோடு முடிந்தது. ஊர் திரும்பி, அதே படத்தைப் பற்றிப் பேசத் தேநீர்க் கடைக்குச் சென்றால், ஒருவனுக்குக் கிளாசிலும் மற்றவனுக்குச் சிரட்டையிலோ போத்தலிலோ தேநீர் வந்தது. ஒருவன் உள்ளே இருந்து கருத்துரைப்பான்; மற்றவன் வெளியே நின்று கேட்பான். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்பும் இந்நிலை உடனே மாறவில்லை. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து நமது அயலூராகிய சங்கானையிலும் நிச்சாமத்திலும், பின்னர் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலும் நிகழ்ந்த போராட்டங்களும் யாவரும் அறிந்தவை. அவற்றைச் சினிமா தோற்றுவித்தது என்று யாம் கூறவில்லை. அங்ஙனம் கூறுவது போராடினோர்க்கு இழைக்கும் அநீதி. சினிமா பற்றிய பேச்சு எங்கே பேசப்பட்டது, யார் உட்கார்ந்து பேசினர், யார் நின்று கேட்டனர் என்பதை விட்டுவிட்டுப் ‘பொதுமக்கள் கருத்து’ என்று ஒன்றை எழுதிவிட முடியாது என்பதே எமது வழக்கு.

பெண்களின் தீர்ப்பு இன்னும் மறைவானது. அவர்கள் பகற்காட்சிக்குக் குடும்பமாகச் சென்றனர். திரும்பிவந்து அடுக்களையிலும் கிணற்றடியிலும் பேசினர். கதாநாயகியின் மாமியார் செய்தது நியாயமா என்பதே அங்கு வழக்கு. நடிப்பு, ஒளிப்பதிவு என்பன அங்கு எடுபடா. ஆண்கள் அழுவதற்கு வெட்கப்பட்ட படங்களை ஓடவைத்தவர்கள் அவர்களே.

நம் நாட்டுத் தமிழ்ப்படங்களை நம்மவர் எவ்வாறு ஏற்றனர் என்பது நெஞ்சை உறுத்தும் அத்தியாயம். ‘சமுதாயம்’, ‘தோட்டக்காரி’ எனும் படங்களோடு 1960களின் முற்பகுதியில் இம்முயற்சி தொடங்கியது. 1972இல் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ யாழ்ப்பாணக் கிராமத்தைத் திரைக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டிலேயே அரச திரைப்படக் கூட்டுத்தாபனமும் நிறுவப்பட்டது. தென்னிந்தியப் படங்களின் வரவு குறைந்தது. களம் ஒழிந்தது, இனி நம் படங்கள் ஓடும் என்று பலர் நம்பினர். 1977இல் தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ வெளிவந்தது. இயக்கியவர் சிங்களவர், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராகப் பணிபுரிந்தவர். சாதியும் சீதனமும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை எவ்வாறு இறுக்குகின்றன என்பதை அவர் எவ்வித அலங்காரமுமின்றிக் காட்டினார். அறிஞர் போற்றினர், பொதுமக்கள் செல்லவில்லை. மறுஆண்டு செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ வந்தது. அதற்கு வரவேற்பு இருந்தது. வானொலியிற் புகழ்பெற்ற நகைச்சுவை நாடகத்திலிருந்து 1976இல் உருவான ‘கோமாளிக’ளுக்கும் கூட்டம் சென்றது.

‘பொன்மணி’யை ஏன் ஒதுக்கினர்? பார்வையாளர் பக்குவமற்றவர் என்பது அறிஞர் பலர் கூறிய விடை. யாம் அதனை முழுதாக ஏற்பதற்கில்லை. அப்படத்தைப் பார்த்தபோது எமக்கு முன்வரிசையில் இருந்த சிலர், நம்மூர்ப் பேச்சு திரையிலிருந்து வந்ததும் சிரித்தனர். அது இகழ்ச்சிச் சிரிப்பன்று, கூச்சச் சிரிப்பு. சினிமாத் தமிழ் என்றால் அது கடல்கடந்து வருவது என்று பழகிய செவிக்கு வீட்டுத் தமிழ் திரையில் ஒலித்தது, விருந்தினர் முன் அடுக்களைச் சண்டை கேட்டாற்போல் இருந்தது. மேலும், சீதனத்துக்காகக் காணியை ஈடுவைத்த தகப்பன் காசு கொடுத்து அதனையே பார்க்க விரும்புவானா? அவன் படம் புரியாமல் எழுந்துபோனான் என்பதைவிட, நன்கு புரிந்தே எழுந்துபோனான் என்று கொள்வது பொருத்தம். ஒதுக்குதலும் ஒரு கருத்தே.

பின்னர் வந்த ஆண்டுகளில் எல்லாம் தலைகீழாயின. தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மூடின. 1980களில் வீடுகளில் வீடியோ வந்தது. 1990க்குப் பின் ஆண்டுக்கணக்கில் மின்சாரமில்லாத குடாநாட்டில், இயந்திரத்தை இரைய வைத்து ஒரு முற்றத்தில் ஊரே கூடிப் படம் பார்த்தது. கல்யாண வீட்டுக்குக் கூட வராத கூட்டம் அதற்கு வந்தது. எரிபொருள் தீர்ந்து நடுவில் நின்ற படத்தின் முடிவை, முன்பே பார்த்த ஒருவர் இருளிற் கதையாகச் சொல்லி முடித்த இரவுகளும் உண்டு.

சான்றுகளோ அரிதாகிவிட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. பழைய பத்திரிகைத் தொகுதிகள் சாம்பராயின. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, பாட்டுப் புத்தகங்களையும் நாட்குறிப்புகளையும் எவர் தூக்கிச் சென்றார்? எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு மாத்திரமே. எமது கல்லூரி மாணாக்கர் விடுமுறை நாட்களிற் சண்டிலிப்பாய், மானிப்பாய், சங்கானை ஊர்களில் எழுபது வயது கடந்தோரிடஞ் சென்று குறிப்பெடுப்பாராயின் நன்று. எப்படம் பிடித்தது என்று மட்டும் கேட்டு வருதல் போதாது. யாரோடு சென்றீர்கள், எவ்வகுப்பில் இருந்தீர்கள், எவ்விடத்தில் அழுதீர்கள், எவ்விடத்தில் எழுந்து போனீர்கள், திரும்புகையில் எக்கடையில் நின்றீர்கள், அங்கே உங்களுக்குத் தேநீர் எதில் வந்தது என்பனவற்றையும் கேட்க வேண்டும்.